0–10 வோல்ட் வெளியீடு சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி வழியே பிழை நீக்கம்

நுண்கட்டுப்படுத்தியின் டிஜிட்டல் பின்னுக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். ஆர்டுயினோ யூனோவில் அவை 0 வோல்ட், 5 வோல்ட். இடைப்பட்ட 3.2 வோல்ட் என்ற ஒன்றை அந்தப் பின் ஒருபோதும் தருவதில்லை. மாறி மாறி வரும் இவ்விரு நிலைகளின் சராசரியைப் பிரித்தெடுத்து, நிலையான நேர்மின்னழுத்தமாக ஆக்கித் தருவது அதற்கு அடுத்து நாம் அமைக்கும் சுற்றுதான். வெளியீடு தவறாக வரும்போது பெரும்பாலோர் நிரலைத் திருத்தத் தொடங்குகிறார்கள். பிழை நிரலில் இருப்பதும் உண்டு. ஆனால் பின்னைத் தாண்டியபிறகு இருக்கும் வடிகட்டி, பெருக்கி, கிரவுண்ட் கம்பி ஆகியவற்றில் இருப்பதே அதிகம். எனவே மின்னழுத்தம் முதன்முதலில் எந்த இடத்தில் தவறுகிறது என்பதைக் கண்டபிறகே எதையும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே எடுத்துக்கொள்ளும் சுற்று இது. யூனோவின் 9ஆம் பின்னிலிருந்து 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் துடிப்பு (உயர்நிலையில் இருக்கும் நேரத்தின் பங்கை மாற்றக்கூடிய துடிப்பு) புறப்படுகிறது. அது 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குச் செல்கிறது; இவ்விரண்டும் சேர்ந்ததே வடிகட்டி. மின்தேக்கியின் மின்னழுத்தத்தை எல்எம்358 ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) இரண்டு மடங்காக்கி, 0 முதல் 10 வோல்ட் வரையாக, ஒரு மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு டிரைவின் வேக உள்ளீட்டுக்கு அளிக்கிறது. டிரைவுக்குப் பதிலாக வேறு எந்தக் கருவி இருந்தாலும் கீழே உள்ள வழிமுறையில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். டிரைவின் உள்ளே மின்தேக்கிகள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கும் என்பதால், அதன் கையேடு குறிப்பிடும் நேரம் கழியும்வரை முனைகளைத் தொடக் கூடாது.

முதல் அளவீடு

டிரைவுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு, நிரலில் 128 என்ற மதிப்பை (0–255 வரம்பில் ஏறத்தாழப் பாதி) மட்டும் எழுதி, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த நிலையில் வைத்து நான்கு இடங்களில் அளக்கவும். போர்டின் 5 வோல்ட் பின்னில் 5.0 வோல்ட், 9ஆம் பின்னில் 2.51, மின்தேக்கியின் மேல் 2.51, ஆப்-ஆம்ப் வெளியீட்டில் 5.02 வோல்ட் இருக்க வேண்டும். கறுப்பு முனையை ஒவ்வொரு முறையும் அளக்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிரவுண்டிலேயே வைப்பது நல்லது. பிறகு டிரைவை இணைத்து மீண்டும் அளக்கவும். இணைப்பதற்கு முன் சரியாக இருந்து, இணைத்தபின் மாறினால் பிழை சுமையின் பக்கமோ கிரவுண்டிலோ இருக்கிறது. முன்பே தவறாக இருந்தால் டிரைவைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

அறிகுறி: சுழியம் அல்லது முழு அளவு, இடையில் எதுவும் வருவதில்லை

யூனோவில் பிடபிள்யூஎம் தரும் பின்கள் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு மட்டுமே. பிடபிள்யூஎம் மதிப்பை எழுதும் அனலாக்ரைட் கட்டளையை மற்றப் பின்களில் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. மதிப்பு 127 வரை இருந்தால் அந்தப் பின் தாழ்நிலையிலும், 128 முதல் உயர்நிலையிலும் நின்றுவிடும். பின் எண் சரியாக இருந்தும் இந்த அறிகுறி தோன்றினால், நிரலில் சர்வோ நூலகம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். பிடபிள்யூஎம் துடிப்பை உருவாக்கும் உள் டைமர்களில் ஒன்றான டைமர் 1ஐ அந்த நூலகம் தனதாக்கிக்கொள்வதால் 9, 10 ஆகிய பின்களின் பிடபிள்யூஎம் நின்றுபோகிறது. அதுபோல, ஒலி எழுப்பும் டோன் கட்டளை 3, 11 ஆகிய பின்களைப் பாதிக்கும்.

பொட்டென்ஷியோமீட்டரை ஒரு முறை முழுதாகத் திருப்பும்போது வெளியீடு நான்கு முறை ஏறி ஏறி விழுந்தால், அனலாக் உள்ளீட்டின் 0–1023 மதிப்பு நான்கால் வகுக்கப்படாமல் நேரடியாக எழுதப்படுகிறது என்று பொருள். எட்டு பிட் டைமர்களைச் சார்ந்த 3, 5, 6, 11 ஆகிய பின்களில்தான் இந்த நான்கு ஏற்றங்கள் தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: மல்டிமீட்டர் சரியாகக் காட்டுகிறது, ஆனால் மோட்டாரின் வேகம் நடுங்குகிறது

இந்த அறிகுறிதான் பலரை அதிகம் அலைக்கழிக்கிறது. காரணம், அளக்கும் கருவியே உண்மையை மறைத்துவிடுகிறது. மல்டிமீட்டரின் நேர்மின்னழுத்த நிலை தன்னளவில் ஒரு சராசரிக் கருவி. வடிகட்டியே இல்லாமல் பின்னை நேரடியாக அளந்தாலும் அது 2.51 வோல்ட் என்றுதான் காட்டும். டிரைவின் உள்ளீடோ அந்த அளவுக்குப் பொறுமையானதல்ல. துடிப்பின் உச்சியையும் அடியையும் தனித்தனியாகப் படித்து, வேகத்தை அதற்கேற்ப மாற்ற முயல்கிறது. ஆகவே மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த நிலைக்கு மாற்றி, மின்தேக்கியின் மேல் மீண்டும் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நம்பத்தக்கவை. கீழே பார்க்கப்போகும் 31 கிலோஹெர்ட்ஸில் அவற்றின் மாறுமின்னழுத்த அளவை நம்பக் கூடாது, அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும்.

எஞ்சும் அலைவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அலைவு மிக அதிகமாக இருப்பது துடிப்பின் பாதி நேரம் உயர்நிலையாக இருக்கும்போது. அப்போது அதன் அடிமுதல் உச்சிவரையான அளவு, சப்ளை மின்னழுத்தத்தின் கால்பங்கை அதிர்வெண், மின்தடை, மின்தேக்கம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் கிடைக்கும். நம் சுற்றில் மின்தடையும் மின்தேக்கமும் சேர்ந்து தரும் கால மாறிலி 0.1 நொடி, 1.25ஐ 490 பெருக்கல் 0.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 25 மில்லிவோல்ட், இரட்டிப்புக்குப் பின் 51 மில்லிவோல்ட். எட்டு பிட் பிடபிள்யூஎம்மில் 10 வோல்ட்டுக்கு ஒரு படியின் உயரமே 39 மில்லிவோல்ட் என்பதால், இந்த அலைவு ஒரு படியைவிடச் சற்றுப் பெரியது. 50 ஹெர்ட்ஸ் வரை செல்லும் டிரைவில் கால் ஹெர்ட்ஸுக்குச் சமம். பல வேலைகளுக்கு இது போதும். அதே இடத்தில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்தால் அலைவு பத்து மடங்காகி, டிரைவின் முனையில் அரை வோல்ட்டை எட்டிவிடும். அந்த நிலையில் மோட்டார் நடுங்குவதில் வியப்பில்லை.

கணக்குக்கும் அளவுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் மின்தேக்கியைக் கவனிக்கவும். ஒய்5வி வகைப் பீங்கான் மின்தேக்கிகள் தம் மீது நேர்மின்னழுத்தம் ஏறும்போது மின்தேக்கத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும்; 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருப்பது சுற்றில் அதில் சிறு பங்காகவே செயல்படலாம். தலைகீழாகப் பொருத்தப்பட்ட எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி வேறு வகையில் ஏமாற்றும்: அது மின்சாரத்தைக் கசியவிடுவதால் அலைவோடு சராசரி மின்னழுத்தமும் குறைந்து காணப்படும்.

அறிகுறி: வெளியீடு மெதுவாக நகர்கிறது

அலைவைக் குறைக்க மின்தேக்கியைப் பெரிதாக்கினால் வேகம் போய்விடும். கால மாறிலி 0.1 நொடியாக உள்ள வடிகட்டி புதிய மதிப்பின் அரைப்படி அளவுக்குள் வந்து நிலைபெற ஏறத்தாழ 0.6 நொடி ஆகும். மூடிய வளையக் கட்டுப்பாட்டில், அதாவது உணரியின் அளவைப் பார்த்து வெளியீட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் நிரலில், இந்தத் தாமதமே அமைப்பை ஊசலாட வைக்கும். அங்கே பலர் நிரலின் கட்டுப்பாட்டு எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். தாமதம் வடிகட்டியில் இருப்பது தெரிந்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

சரியான தீர்வு அதிர்வெண்ணை உயர்த்துவது. டைமர் 1இன் முன்வகுப்பியை (டைமருக்கு வரும் கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 64இலிருந்து 1ஆக மாற்றினால் 490 ஹெர்ட்ஸ் 31.37 கிலோஹெர்ட்ஸாகிறது. இப்போது 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போதும்: கால மாறிலி ஒரு மில்லிநொடி, அலைவு சுமார் 40 மில்லிவோல்ட். அதன்பின் 100 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட் கொண்ட இரண்டாம் வடிகட்டியைச் சேர்த்தால் அலைவு ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகக் குறைந்து, கருத்தில் கொள்ள வேண்டாத அளவுக்கு வந்துவிடும். தாமதமோ சில மில்லிநொடிகளிலேயே நிற்கும். இரண்டாவது மின்தடையைப் பத்து மடங்காக வைப்பது, பின்னது முன்னதற்குச் சுமையாகிவிடாமல் இருப்பதற்காக.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. 5, 6 ஆகிய பின்களை இயக்கும் டைமர் 0இன் முன்வகுப்பியைத் தொட்டால் மில்லிஸ், டிலே போன்ற நேரக் கணக்குகள் அனைத்தும் பிழையாகிவிடும். ஆகவே வேகமான பிடபிள்யூஎம்முக்கு 9, 10 ஆகிய பின்களையே பயன்படுத்த வேண்டும். அடுத்து, அலைவைக் குறைக்கும் ஆசையில் மின்தடையை மெகா ஓம் அளவுக்கு உயர்த்தக் கூடாது. எல்எம்358இன் உள்ளீட்டிலிருந்து பொதுவாக 45 நானோஆம்பியர் மின்னோட்டம் வெளியே கசிகிறது. 1 மெகா ஓமில் அது 45 மில்லிவோல்ட்டாகி, வெளியீட்டில் 90 மில்லிவோல்ட் பிழையாகத் தெரியும்.

டிரைவைத் தனிமைப்படுத்த ஆப்டோகப்ளர் (துடிப்பை ஒளி வழியே கடத்தும் சில்லு) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். பிசி817 போன்ற மலிவான ஆப்டோகப்ளர் 490 ஹெர்ட்ஸில் நன்றாகவே வேலை செய்யும். 31 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழுத் துடிப்பின் நேரமே 32 மைக்ரோநொடி என்பதால், அதன் ஏற்ற இறக்கத் தாமதம் துடிப்பின் அகலத்தையே சிதைத்துவிடும். நடுவில் ஓரளவு சரியாகவும் இரு முனைகளில் வளைந்தும் வெளியீடு அமைந்தால் காரணம் இதுதான். 6என்137 போன்ற வேகமான வகையை வைக்கவும்.

அறிகுறி: 10 வோல்ட்டை எட்டுவதில்லை

255 எழுதியும் 10 வோல்ட் வரவில்லை என்றால், உடனே 128 எழுதிப் பார்க்கவும். இந்த ஒரு சோதனை காரணத்தை இரண்டாகப் பிரித்துவிடும். பாதி அளவு சரியாக இருந்து மேற்பகுதி மட்டும் தட்டையாகிறது என்றால், ஆப்-ஆம்ப் தன் சப்ளையின் உச்சியில் முட்டுகிறது. எல்எம்358இன் வெளியீடு சப்ளைக்குக் குறைந்தது 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். சுமை கூடினால் இன்னும் கீழே. 12 வோல்ட் அடாப்டரில் 10.5 வோல்ட் வரை வரலாம், ஆனால் அடாப்டரே 11 வோல்ட்தான் தருகிறது என்றால் 10 வோல்ட் கிடைக்காது. 15 வோல்ட் கொடுத்தால் இந்தக் கவலை நீங்கும். ஆப்-ஆம்ப்புக்கு போர்டின் 5 வோல்ட்டையே கொடுத்திருந்தால் வெளியீடு 3.5 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். 5 வோல்ட் வரை மட்டுமே தேவைப்படும் இடத்தில் எம்சிபி6002 போன்ற, சப்ளையின் விளிம்புவரை செல்லும் ஆப்-ஆம்ப் பொருத்தமானது. ஆனால் அதற்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பாதியும் முழுதும் ஒரே விகிதத்தில் குறைவாக இருந்தால் ஆப்-ஆம்ப் குற்றவாளியல்ல. போர்டின் 5 வோல்ட்டை அளக்கவும். யூஎஸ்பி வழியாக வரும்போது அது 4.7 வோல்ட்டாக இருப்பது அரிதல்ல. அப்போது வெளியீடு 9.4 வோல்ட்டில் முடியும். 5 வோல்ட் சரியாக இருந்தால் பெருக்கத்தை நிர்ணயிக்கும் இரு மின்தடைகளை அளந்து பார்க்கவும்.

அறிகுறி: சுழியத்துக்கு இறங்குவதில்லை

அனலாக்ரைட்டைத் தவிர்த்து டைமரின் பதிவேடுகளில் நேரடியாக எழுதி, வேகப் பிடபிள்யூஎம் முறையைத் தேர்ந்திருந்தால், ஒப்பீட்டு மதிப்பு 0ஆக இருக்கும்போதும் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தப் பின் ஒரு கடிகாரத் துடிப்பளவு நேரம் உயர்ந்து தாழும். அனலாக்ரைட் கட்டளை 0ஐத் தனியாகக் கையாண்டு பின்னை முற்றிலும் தாழ்நிலையில் வைப்பதால் அங்கே இது தெரிவதில்லை. நேரடியாக எழுதுபவர்கள் சுழியத்துக்கு டைமரைப் பின்னிலிருந்து துண்டித்துவிட வேண்டும், அல்லது நிலைச்சீர் (ஃபேஸ் கரெக்ட்) பிடபிள்யூஎம் முறைக்கு மாற வேண்டும்.

மின்தேக்கியில் சுழியமும் ஆப்-ஆம்ப் வெளியீட்டில் அரை வோல்ட்டும் இருந்தால், இணைக்கப்பட்ட கருவி மின்னோட்டத்தை நம் பக்கம் தள்ளுகிறதா என்று பார்க்கவும். விளக்குகளுக்கான 1–10 வோல்ட் மங்கல் முறையில் நிகழ்வது இதுவே. ஐஇசி 60929 தரத்தின்படி அங்கே மின்னோட்டத்தை அளிப்பது விளக்கின் டிரைவர். கட்டுப்படுத்தியின் வேலை அதை உள்வாங்குவது, 2 மில்லிஆம்பியர் வரை. எல்எம்358 கிரவுண்டுக்கு மிக அருகில் இருக்கும்போது சில பத்து மைக்ரோஆம்பியர்களையே உள்வாங்கும். வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தக்க மின்தடை ஒன்றைச் சேர்த்தால் ஓரளவு சரியாகும். பல விளக்குகள் ஒரே வரியில் இருந்தால் உள்வாங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றே முறையான தீர்வு.

அறிகுறி: சுமையை இணைத்ததும் மின்னழுத்தம் விழுகிறது

ஆப்-ஆம்ப் இல்லாமல் வடிகட்டியிலிருந்தே நேரடியாகச் சுமையை இயக்க முயன்றிருப்பார்கள். 10 கிலோ ஓம் மின்தடைக்குப் பின் 1 கிலோ ஓம் சுமையை வைத்தால் 5 வோல்ட் 0.45 வோல்ட்டாகச் சுருங்கும். அது மின்னழுத்தப் பகுப்பான் ஆகிவிடுகிறது. வடிகட்டி தகவலைத் தருமே தவிர ஆற்றலைத் தராது. ஆப்-ஆம்ப் வைத்தாலும் சில மில்லிஆம்பியர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிறிய நேர்மின் மோட்டாரை இயக்குவதானால் வடிகட்டியே தேவையில்லை: பிடபிள்யூஎம் துடிப்பை மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கு நேரடியாகக் கொடுத்தால், மோட்டாரின் தூண்டமே மின்னோட்டத்தைச் சீராக்கிவிடும். அதில் மாஸ்ஃபெட் சூடானால், ஐஆர்எஃப்540 போன்ற, முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும் வகை பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஐஆர்எல்இசட்44என் போன்ற 5 வோல்ட்டில் திறக்கும் வகைக்கு மாற்றவும். மோட்டாரின் குறுக்கே எதிர்த்திசை டயோடு கட்டாயம்.

அறிகுறி: நிரலில் மதிப்பு மாறாமலிருக்க, வெளியீடு அலைகிறது

ரிலே இயங்கும்போதோ திரையின் பின்னொளி எரியும்போதோ வெளியீடு சற்று இறங்கினால், காரணம் வெளியீடு எப்போதும் போர்டின் 5 வோல்ட்டுக்கு விகிதமாக இருப்பது. 5.0 வோல்ட் 4.8 ஆனால் 10 வோல்ட் 9.6 ஆகும், 50 ஹெர்ட்ஸ் டிரைவில் அது 2 ஹெர்ட்ஸ் வேக மாற்றம். யூனோவின் நுண்கட்டுப்படுத்தியான ஏடிமெகா328பி தன்னுள் இருக்கும் 1.1 வோல்ட் குறிப்பை வைத்துத் தன் சப்ளையைத் தானே அளந்து, பிடபிள்யூஎம் மதிப்பைத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் அந்தக் குறிப்பு சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை வேறுபடலாம் என்பதால் ஒவ்வொரு போர்டுக்கும் ஒருமுறை அளவுதிருத்தம் வேண்டும். நான் அதிகம் விரும்பும் வழி, பின்னுக்கும் வடிகட்டிக்கும் இடையே 74எல்விசி1ஜி17 போன்ற ஒரு லாஜிக் கேட்டை வைத்து, அதற்கான சப்ளையை 4.096 வோல்ட் துல்லியக் குறிப்புச் சில்லிலிருந்து கொடுப்பது. துடிப்பின் நேரத்தை மட்டும் நுண்கட்டுப்படுத்தி தீர்மானிக்க, உயரத்தைக் குறிப்புச் சில்லு தீர்மானிக்கும். பெருக்கத்தை 2.44ஆக மாற்றிக்கொண்டால் போதும்.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் வெளியீடு மாறினால் கிரவுண்ட் கம்பியைப் பார்க்கவும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.034 ஓம். அதன் வழியே 2 ஆம்பியர் மோட்டார் மின்னோட்டமும் திரும்பி வந்தால் 70 மில்லிவோல்ட் வேறுபாடு எழுகிறது. இது கிட்டத்தட்ட இரண்டு படிகள். மோட்டாரின் திரும்புகம்பியும் கட்டுப்பாட்டுக் கிரவுண்டும் மின்வழங்கியில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவுக்குச் செல்லும் வரியில் கவசக் கம்பியைப் பயன்படுத்தி, அதை மோட்டார் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்வது நல்லது.

அறிகுறி: பல பின்களால் அமைத்த ஏணிச் சுற்றில் ஒரு படி பின்னோக்கிச் செல்கிறது

பிடபிள்யூஎம்முக்குப் பதில் எட்டுப் பின்களையும் ஆர்-2ஆர் மின்தடை ஏணியையும் (ஒரு மதிப்பும் அதன் இரு மடங்கும் கொண்ட மின்தடைகளின் தொடர்) பயன்படுத்துவோர் உண்டு. அதில் 127இலிருந்து 128க்குச் செல்லும்போது மின்னழுத்தம் கூடுவதற்குப் பதில் குறைந்தால், மின்தடைகளின் துல்லியம் போதவில்லை. உச்ச பிட்டின் பங்கு மற்ற ஏழின் கூட்டுத்தொகையைவிட 128இல் ஒரு பங்கே பெரியது. ஒரு விழுக்காட்டுத் துல்லிய மின்தடைகள் அதை எளிதில் விழுங்கிவிடும். 0.1 விழுக்காட்டு வகையை வாங்கவும். மின்தடை மதிப்பையும் 10, 20 கிலோ ஓம் என வைக்கவும், ஏனெனில் பின்னுக்குள் இருக்கும் சில பத்து ஓம் தடை 1, 2 கிலோ ஓம் ஏணியில் தனிப் பிழையாக வெளிப்படும். படி சரியாக இருந்தும் மாறும் கணத்தில் கூரிய முள் தோன்றினால், பின்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன. போர்ட் (ஒன்றாக எழுதக்கூடிய பின்களின் தொகுதி) முழுவதையும் ஒரே கட்டளையில் எழுத வேண்டும். யூனோவில் எட்டுப் பின்களும் முழுதாக வெளியே வரும் ஒரே போர்ட்டில் 0, 1 ஆகிய பின்கள் சீரியல் தொடர்புக்கும் உரியவை என்பதை மறக்கக் கூடாது.

அறிகுறி: மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் ஒரு கணம் ஓடுகிறது, அல்லது நிரல் உறைந்தும் ஓடிக்கொண்டே இருக்கிறது

மீட்டமைவின்போதும், பூட்லோடர் (புதிய நிரலை ஏற்றும் தொடக்க நிரல்) ஓடும் நேரத்திலும், பின்கள் உள்ளீடாக, எதையும் இயக்காமல் மிதக்கின்றன. மின்தேக்கி முன்பிருந்த மின்னழுத்தத்தை அப்படியே வைத்திருக்கும். வேகமான வடிகட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஆப்-ஆம்ப்பிலிருந்து கசியும் 45 நானோஆம்பியர், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை நொடிக்கு 0.45 வோல்ட் வீதம் ஏற்றிவிடும். டிரைவுக்கு அது 0.9 வோல்ட். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் இரண்டும் தீரும். மாஸ்ஃபெட் சுற்றில் அதே மின்தடை கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அமைய வேண்டும்.

நிரல் எங்கேனும் சிக்கி நின்றாலும் பிடபிள்யூஎம் நிற்காது. டைமர் தனி வன்பொருள் என்பதால் கடைசியாக எழுதிய மதிப்பையே தொடர்ந்து அளிக்கும். ஏடிமெகா328பியில் உள்ள காவல் டைமரை (நிரல் உறைந்தால் சில்லை மீட்டமைக்கும் டைமர்) அதிகபட்சம் 8 நொடி வரை அமைக்கலாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிரலுக்கு அதைவிட மிகக் குறைந்த நேரமே ஏற்றது. அத்துடன், வேக மின்னழுத்தம் சுழியமாக இருப்பதை மட்டும் நம்பி மோட்டார் நின்றிருக்கும் என்று கொள்ளக் கூடாது. டிரைவின் ஓட்டக் கட்டளை முனையைத் தனி ரிலே வழியாக இணைத்து, நிரல் தொடங்கி, 0 எழுதி, வடிகட்டி முழுதும் வடிய ஒரு நொடி காத்திருந்த பிறகே அந்த ரிலே மூடுமாறும், அவசர நிறுத்தப் பொத்தான் அந்த ரிலேயின் கம்பியை நுண்கட்டுப்படுத்தியைச் சாராமல் நேரடியாகத் துண்டிக்குமாறும் அமைக்க வேண்டும்.